குழிமுகம்

முகமூடியைச் சுழற்றும் மோட்டாருக்கு
ஒரு சுற்று முடிய இருபத்தெட்டு விநாடி.
பிளாஸ்டர் முகம். தோல்நிறச் சாயம். பெயரில்லை.
முன்பக்கம் புடைத்திருக்கும்,
பின்பக்கம் பணியாரச் சட்டிபோல் குழிந்திருக்கும்.
குழி திரும்பி வரும்போதும்
மூக்கு வெளியே நீட்டிக்கொண்டுதான் தெரியும், எனக்கு.
ஆறு வருடமாய்த் தெரிகிறது.
தூசி தட்டுவது நான்தான்,
என் விரல்தான் அதற்குள் போய்வருகிறது,
இருந்தும் கண் கேட்பதில்லை.

முகமென்றால் புடைத்துத்தானே இருக்கும் என்று
மூளை முதலிலேயே முடிவுகட்டிவிடுகிறதாம்.
கண் கொண்டுவந்த கடுதாசியைப் பிரிக்காமலே
பதில் எழுதிப்போடும் குமாஸ்தா.
டாக்டர் லுல்வா சொன்னது இது.
குமாஸ்தா மட்டும் என்னுடையது.

செவ்வாய் இரவு. மனாமாவில் தூசிக்காற்று.
இருளப்பனைக் கம்பெனி வேனில் கூட்டிவந்தார்கள்.
வயது முப்பத்தொன்று. ஊர் கமுதிப் பக்கம்.
கடலோரக் கோபுரங்களில் கயிற்றில் தொங்கிக்
கண்ணாடி துடைக்கிறவன்.
முப்பத்தாறாம் மாடியில் உள்ளேயிருந்து ஒருவன்
அதே துணியால் தன் முகத்தைத் துடைத்துத் துடைத்து
அழித்துக்கொண்டே வருகிறான் என்று
வாக்கிடாக்கியில் சொல்லியிருக்கிறான்.
போர்மேன் சிரித்திருக்கிறான்.
மூன்றாம் நாள், அந்த ஆளைத் தடுக்க,
இவன் இடுப்புக் கொக்கியைக் கழற்றியிருக்கிறான்.

"முகம் வெளியே புடைச்சிருக்கா, உள்ளே குழிஞ்சிருக்கா?
தெரியிறப்ப பட்டனை அமுக்குங்க."
பட்டனைத் தொடவில்லை. வாயால் சொன்னான்.
"மேடு."
பதினான்கு விநாடி.
"குழி."
"மேடு."
"குழி."
லாரியிலிருந்து மூட்டை இறங்குவதை
எண்ணுகிறவன் குரலில்.
இருபது சுற்று, நாற்பது பதில். ஒன்றும் பிசகவில்லை.

அடுத்த சோதனையிலும் அப்படியே.
சுற்றிலும் கறுப்பும் வெள்ளையும் கொதித்தால்
நடுவிலிருக்கும் வட்டம் நமக்கு மங்கிப்போகும்.
அவனுக்கு மங்கவில்லை.

இடையில் ஏசித் துவாரத்தை அண்ணாந்து பார்த்து
"செத்த நேரம் சும்மா இருங்கண்ணே" என்றான்,
மரியாதையாகத்தான்.

பிறகு என்னிடம்:
"உங்களுக்கு இப்ப எப்படி மேடம் தெரியுது?"
குழிதான் வந்துகொண்டிருந்தது. கடிகாரம் சொன்னது.
பொய் சொல்லியிருக்கலாம்.
"மூக்கு வெளியதான் நீட்டிட்டு இருக்கு."
அவன் என்னைப் பார்த்த பார்வையில்
உடம்பு சரியில்லாத பிள்ளையைப் பார்க்கிற இரக்கம்.
"பயப்படாதீங்க மேடம்.
மாத்திரையை ஒழுங்கா போட்டா சரியாயிரும்."

இதை ஞானம் என்று யாராவது எழுதினால்
அந்தக் கொக்கியை அவர் கையில் கொடுப்பேன்.

ஏழு வாரம் கழித்து வந்தான்.
கன்னம் உப்பியிருந்தது. விரலில் நடுக்கம்.
சொற்கள் மெத்தைமேல் நடந்துவந்தன.
"மேடு."
"மேடு."
"மேடு."
ஏசித் துவாரம் வெறும் ஏசித் துவாரம்.
நாற்பதில் இருபது தப்பு.
டாக்டர் லுல்வா எழுதினார்: நல்ல முன்னேற்றம்.
எனக்கும் சந்தோஷம்தான், பொய்யில்லை.
வியாழக்கிழமை டிக்கெட், கொழும்பு வழியாக மதுரை.

"இப்ப நமக்கு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே மேடம்?"
"ஆமா."
கீழே வேன்காரன் ஹாரன் அடித்தான்.
மோட்டாரை அணைத்தேன்.
முகம் பாதி திரும்பியபடி நின்றது.
இருளப்பன் எழுந்துபோய்
அந்த நீட்டிய மூக்கைத் தொட விரலைக் கொண்டுபோனான்,
விரல் போனது, கை போனது,
மணிக்கட்டுவரை போனது.
வெளியே எடுக்காமல்
கொஞ்ச நேரம் அப்படியே நின்றான்.